யொவானா பெஞ்சில் வீணாய்ப் போனவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐரோப்பியப் பெண்கள் கால்பந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு முழுசாக இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் செர்பியாவின் முன்கள வீராங்கனை யொவானா டம்னியானோவிச்சை ஒரே வரியில், பெரிய கிளப்புக்குப் போய் களத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவர் என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்ன நாட்டுப் பெண்கள் அவசரப்பட்டு வெளிநாடு போகக்கூடாது என்று சொல்வதற்கு அவரை உதாரணமாகக் காட்டியது இன்னும் மோசம். உதாரணம் காட்ட வேண்டிய ஆள்தான் அவர், ஆனால் கட்டுரையாளர் சொன்னதற்கு நேர் எதிரான விஷயத்துக்கு.

1994 நவம்பரில் பெல்கிரேடில் பிறந்தவர் அவர். ரெட் ஸ்டார் கிளப்பில் ஆடி வளர்ந்தார். செர்பியாவின் பெண்கள் லீகைக் கொஞ்சம் கவனித்தாலே அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது புரியும். முதலில் நீஷ் நகரத்து மஷினாட்ஸ் அணி வருஷக்கணக்கில் பட்டம் வென்றது, அப்புறம் சுபோட்டிட்சாவின் ஸ்பார்ட்டக் பத்து வருஷத்துக்கும் மேலாகக் கோப்பையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி ஒரே அணி கொடிகட்டிப் பறக்கும் லீகில் ஒரு முன்கள வீராங்கனை கோல் மழை பொழியலாம், ஆனால் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நல்ல தடுப்பாளரைச் சமாளிக்க எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

2013இல் அவர் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் கிளப்புக்குப் போனார். அப்போது அவருக்கு 18 வயது. போன நேரத்தைப் பாருங்கள். அந்த வருஷம்தான் வோல்ஃப்ஸ்பர்க் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் சேர்த்து வாரியிருந்தது. அடுத்த வருஷம் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், பிரேசில் நட்சத்திரம் மார்த்தா ஆடிய ஸ்வீடனின் டிரெசோ அணிக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கி, கடைசியில் 4-3 என்று ஜெயித்தார்கள். அலெக்ஸாண்ட்ரா போப், மார்ட்டினா முல்லர் மாதிரி ஆட்கள் நிற்கும் முன்வரிசையில், மொழியும் இன்னும் பழகாத ஒரு பெண்ணுக்கு இடம் எப்படிக் கிடைக்கும்? 12 அணிகள், 22 ஆட்டங்கள் என்று இருந்த லீக் அது. மாற்று வீராங்கனையாக ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் சீசன் முழுக்கச் சேர்த்தாலும் மூன்று முழு ஆட்டம்கூடத் தேறாது. இதுவரைக்கும் உங்கள் கட்டுரையாளர் சொல்வது சரி.

ஆனால் அவர் அதற்குப் பிறகு நடந்ததைத் தொடவே இல்லை. 2015இல் யொவானா ஐரோப்பாவின் உச்சியில் இருந்த அந்தக் கிளப்பை விட்டுவிட்டு எஸ்சி சாண்ட் அணிக்குப் போனார். சாண்ட் என்பது ரைன் நதிப் பக்கம், வில்ஸ்டாட் என்கிற சிறிய ஊரோடு சேர்ந்த கிராமம். நதிக்கு அந்தப் பக்கம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க். 2014இல்தான் ஜெர்மன் லீகின் முதல் பிரிவுக்கு ஏறியிருந்த கிளப் அது. பெரிய மைதானமோ பெரிய ஆண்கள் அணியின் பணமோ பின்னால் கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சறுக்கல்தான். எனக்கு அது அவர் எடுத்த மிக நல்ல முடிவாகத் தோன்றுகிறது. 20, 21 வயதில் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு வேண்டியது வாரா வாரம் ஆடுவதுதான். மழையில் ஆட வேண்டும், தோற்கிற ஆட்டத்திலும் ஆட வேண்டும், பந்தே வராத முதல் பாதியை முடித்துவிட்டு இரண்டாம் பாதியில் வரும் ஒரே வாய்ப்பை கோலாக்க வேண்டும். இதைப் பயிற்சி மைதானத்தில் யாராலும் சொல்லித்தர முடியாது.

அவர் இருந்த இரண்டு சீசனிலும் அந்தக் கிராமத்து அணி ஜெர்மன் கோப்பையின் இறுதியாட்டத்துக்குப் போனது. 2016, 2017 இரண்டு முறையும் கொலோன் நகரில், இரண்டு முறையும் எதிரில் நின்றது அவருடைய பழைய வோல்ஃப்ஸ்பர்க், இரண்டு முறையும் 2-1 என்று தோல்வி. கோப்பை கையில் வராததால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. நாட்டின் மிகப் பலமான அணிக்கு ஒரு சின்ன ஊர் ஒரே ஒரு கோல் வித்தியாசம் வரை ஈடுகொடுத்திருக்கிறது, அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருஷம்! இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஒரு இளம் ஸ்ட்ரைக்கருக்குக் கிடைத்துவிடாது. அதே சாண்ட் அணி 2022இல் முதல் பிரிவிலிருந்து இறங்கிவிட்டது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2017இல் ஜெர்மனியின் இன்னொரு பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக் அவரை எடுத்துக்கொண்டது. அதாவது கீழே இறங்கிப் போனவர் அங்கே ஆடிக் காட்டிவிட்டுத் திரும்ப மேலே வந்தார். 2021இல் பேயர்ன் லீக் பட்டம் வென்றபோது வோல்ஃப்ஸ்பர்க்கின் நான்கு வருஷ ஆதிக்கம் முடிந்தது. 2023, 2024, 2025 என்று பட்டங்கள் தொடர்ந்தன. 2025இல் ஜெர்மன் கோப்பையும் சேர்ந்து இரட்டைப் பட்டம் ஆனது, பேயர்ன் பெண்கள் அணிக்கு அதுவே முதல் முறை. இந்த நான்கு லீக் பட்டங்களின்போதும் யொவானா அந்த அணியில் இருந்தவர். நடுவில் லியா ஷூலர் வந்தார், பெர்னில்லே ஹார்டர் வந்தார். இப்படி உலகத்தரமான ஸ்ட்ரைக்கர்கள் வரிசையாக வந்து சேரும்போதும் ஒரு கிளப் தொடர்ந்து ஒருவரைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்றால் அது தயவில் நடக்கிற விஷயமா? எழுபதாவது நிமிடத்தில் கோட்டோரம் நின்று மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருபவருக்கு ஆட்டத்தின் வேகம் இன்னும் உடம்பில் ஏறியிருக்காது, எதிரணித் தடுப்பாளர்கள் எங்கே தளர்ந்திருக்கிறார்கள் என்பதை வெளியில் உட்கார்ந்தபோதே கவனித்திருக்க வேண்டும், முதல் பந்தையே சரியாகத் தொட வேண்டும். பெஞ்ச் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம்.

நாட்டு அணி விஷயத்துக்கும் வருகிறேன். செர்பியப் பெண்கள் இதுவரை உலகக்கோப்பைக்கோ ஐரோப்பியக் கோப்பைக்கோ தகுதி பெற்றதில்லை. அதை வைத்து, இத்தனை பேர் வெளிநாடு போய் என்ன பயன் என்று கட்டுரை கேட்கிறது. 2023 உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் கெம்னிட்ஸ் நகரில் ஜெர்மனி 5-1 என்று செர்பியாவை நொறுக்கியது. 2022 ஏப்ரலில் செர்பியாவின் ஸ்டாரா பசோவாவில் அதே ஜெர்மனியை செர்பியா 3-2 என்று தோற்கடித்தது. அடுத்த நான்கு மாதத்துக்குள் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்காக லண்டன் வெம்ப்லி மைதானத்தில் 87,192 பேர் முன்னால் இறங்கிய ஜெர்மனி அது. அப்படிப்பட்ட அணியோடு பயமில்லாமல் ஆடும் பழக்கம் உள்ளூர் லீகில் மட்டும் ஆடியிருந்தால் வந்திருக்குமா? யொவானா மாதிரியே யெலேனா சன்கோவிச்சும் ஸ்பார்ட்டக்கிலிருந்து கிளம்பி, ஸ்வீடனின் ரோசென்கார்டில் ஆடி, இங்கிலாந்தின் செல்சி வரைக்கும் போனவர். தகுதிச்சுற்றுப் பிரிவில் போர்ச்சுகல் முந்திக்கொண்டதால் செர்பியாவுக்கு உலகக்கோப்பை கைநழுவியது. அந்தப் பழியை வெளிநாட்டில் ஆடுகிறவர்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

செர்பிய ஆண்கள் அணியின் மித்ரோவிச்சும் விளாஹோவிச்சும் கிளப் மாறினால் நம் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வருகிறது. அந்த அளவு இடம் கேட்கவில்லை. அடுத்த முறை ஒரு வீராங்கனையைப் பற்றி எழுதும்போது எந்த வயதில் எந்தக் கிளப், அங்கே எத்தனை ஆட்டம் கிடைத்தது, ஏன் அங்கிருந்து கிளம்பினார் என்கிற விவரத்தையாவது சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் சாண்ட் அணியின் அந்த இரண்டு கோப்பை சீசன்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். பெஞ்சில் காலம் கழித்தவர் என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தமும் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுப் பக்கங்களின் நீண்டநாள் வாசகர்