கணக்குப் பாடவேளையில் உடலசைவுப் பயிற்சிக்கு அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
தொடக்க வகுப்புகளின் கணித, உடற்கல்வி ஆசிரியர்கள்

பெறுநர்
தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள்

பொருள்: 1 முதல் 3ஆம் வகுப்பு வரை எண்கோட்டுப் பயிற்சி – அனுமதியும் நிதியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாரத்தில் மூன்று கணக்குப் பாடவேளைகளில் தலா 20 நிமிடம் பிள்ளைகள் நடந்தும் குதித்தும் கணக்குப் போட அனுமதியும், தரையில் எண்கோடு (எண்களைச் சம இடைவெளியில் வரிசையாகக் குறித்த கோடு) வரையச் சிறு நிதியும் வேண்டுகிறோம். இதற்காக உடற்கல்விப் பாடவேளையில் கைவைக்கக் கூடாது என்பதையும் ஆணையிலேயே சேர்க்க வேண்டும். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கணக்குக்காக நடக்கும் 20 நிமிடம் அதை ஈடுகட்டாது.

நெதர்லாந்தில் இரண்டாண்டுகள், ஆண்டுக்கு 22 வாரம், வாரம் மூன்று முறை இப்படிப் பாடம் நடத்தியதில் கணிதமும் எழுத்துக்கூட்டலும் மேம்பட்டன, வாசிப்பு மேம்படவில்லை. 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆகவே அவர்களுக்கான தனிக் கவனிப்பை இந்தப் பயிற்சியைக் காட்டி நிறுத்திவிடக் கூடாது.

எண்கோடு 0இல் தொடங்கி 20இல் முடிய வேண்டும். இடைவெளி 40 செ.மீ. வைத்தால் நீளம் 8 மீட்டர். எண்களைக் கட்டத்துக்குள் எழுதினால் பிள்ளை கட்டங்களை எண்ணும், தாவல்களை எண்ணாது. குறுக்குக் கீறல் போட்டு அதன் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு கோட்டுக்கு ஆறு பேருக்கு மேல் ஆகாது. 30 பேர் வகுப்புக்கு ஐந்து கோடுகள். சாயத்தில் நுண்மணல் கலக்காவிட்டால் ஈரத்தில் வழுக்கும். வெயில் படும் தரையில் வெறுங்காலோடு நிறுத்தக் கூடாது.

3 + 4 என்றால், நிற்கும் 3ஐயே ‘ஒன்று’ என எண்ணி 6இல் போய் நிற்பதுதான் அடிக்கடி நேரும் பிழை. கால் ஊன்றிய பிறகே வாய் எண்ண வேண்டும் என்று பழக்கினால் இது பெரும்பாலும் சரியாகும். குதிக்குமுன் போய்ச் சேரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்ல வேண்டும். ஊகிக்காமல் குதித்தால் அது வெறும் குதிப்பு. ஒருவர் நடக்க, ஒருவர் சிலேட்டில் எழுத, மற்றவர்கள் சரிபார்க்கட்டும். கழித்தலுக்குப் பெரிய எண்கள் இருக்கும் பக்கம் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும். ஒரு நாள் திரும்பி நடப்பது, மறுநாள் பின்வாங்குவது என்றால் குழப்பமே மிஞ்சும். மும்மூன்றாக எண்ணும்போது தாவச் சொல்லக் கூடாது; 120 செ.மீ. தாண்டும் ஏழு வயதுப் பிள்ளை தடுமாறும். ஒவ்வோர் அடியாக நடந்து மூன்றாம் அடியில் கைதட்டினால் போதும்.

‘சரியான விடைக்குப் பத்துக் குதி’ போன்றவை சோம்பல் முறிக்க உதவலாம். அவற்றில் கணக்கு இல்லை. ஓட்டப்பந்தயமும் வேண்டாம்: வேகமான பிள்ளை ஓட, மற்றவர்கள் அதன் விடையைப் பார்த்து நிற்பார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு மேசை மேல் 4 செ.மீ. இடைவெளியில் 80 செ.மீ. கோடு வரைந்து, விரலால் தாவச் செய்யலாம்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு பத்து நிமிடமாவது அதே கணக்கை நோட்டில் எழுத வைக்க வேண்டும் என்பதையும், ஆசிரியர்களுக்கு ஒருநாள் செய்முறைப் பயிற்சி தர வேண்டும் என்பதையும் சுற்றறிக்கையில் சேர்க்கக் கோருகிறோம். பருவ முடிவில், 0, 20 மட்டும் குறித்த வெற்றுக் கோட்டில் 7, 13 போன்ற எண்களின் இடத்தைக் காட்டச் சொல்லிப் பயனை அளக்கலாம். அடுத்த பருவம் தொடங்குமுன் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்