கயல்விழிக்கு, கோப்புகளைப் பற்றி

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். தம்பிக்குப் பவானிக்கு மாற்றலாகியிருக்கிறது. மற்ற செய்திகளை அம்மா சொல்லியிருப்பாள், ஏனென்றால் தீபாவளிக்குப் பிறகு நீ அழைக்கும்போதெல்லாம் அவளிடம் மட்டுமே பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சென்ற வாரம் சரசு அத்தை வந்திருந்தபோது உன் லேப்டாப்பைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, நான் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சைக் காய்கறி விலைக்கு மாற்றிவிட்டாள். அது என்னவென்று அவளிடம் நான் கேட்கவில்லை; உன்னிடமும் கேட்கப் போவதில்லை. கணினியில் உள்ளவற்றுக்கு நகல் எடுத்து வைப்பதைப் பற்றிப் பொதுவாகச் சில விஷயங்கள் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

முதலில், எதற்கு நகல் அவசியம் என்று பிரித்துக்கொள். விண்டோஸையும் மென்பொருள்களையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பதிவிறக்கிய கட்டுரைகளை நூலகத்தில் மறுபடி வாங்கலாம். ஆய்வேட்டின் அத்தியாயங்கள் போனால்கூட, வயிறெரிந்துகொண்டே திரும்ப எழுதிவிடலாம். உனக்கு அந்தப் பிடிவாதம் உண்டு. சென்னிமலை நெசவாளர்களிடம் நீ எடுத்த ஒலிப்பதிவுகள் அப்படியல்ல. குழித்தறியில் மிதித்தபடியே கூலிக் கணக்கையும் வாங்கிய கடனையும் உன்னிடம் சொன்னவர்களில் இரண்டு பெரியவர்கள் இப்போது இல்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் காத்திருப்பேன். வெளியாரிடம் வாய் திறக்காத மனிதர்கள் உன்னிடம் மணிக்கணக்கில் பேசுகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தக் குரல்களை இனி யாரும் பதிவு செய்ய முடியாது என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு அவற்றுக்குத்தான் நகல் வேண்டும்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் நான் நகல் எழுத்தராகச் சேர்ந்த நாளில், பதிவுக்கு வரும் ஒவ்வொரு கிரயப் பத்திரத்தையும் வரி விடாமல் முதல் புத்தகம் என்ற பதிவேட்டில் கையாலேயே எழுதுவோம். 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அசல் கட்சிக்காரரிடம் போய்விடும். நகல் அலுவலகத்தில் இருக்கும். கரையான் அரித்தோ, வெள்ளத்தில் நனைந்தோ, பங்காளிச் சண்டையில் கிழிபட்டோ அசலை இழந்தவர்கள் எங்களிடம் வந்து சான்றிட்ட நகல் வாங்கிப் போவார்கள். அசலும் நகலும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் அவர்களுக்கு நாங்கள் என்ன கொடுத்திருக்க முடியும்?

இதையேதான் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மூன்று, இரண்டு, ஒன்று என்று கணக்காகச் சொன்னாராம்: அசலோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. பெரிய அரசாங்கங்களே இதைத் தவற விட்டிருக்கின்றன. தென் கொரியாவின் டேஜியோன் நகரில் அரசுத் தரவு மையம் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கிடங்கு எரிந்துபோனது. கொள்ளளவு மிகப் பெரியது என்று அதற்கு மட்டும் வெளியே பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். உன்னுடையது ஒரு சட்டைப்பையில் அடங்கும்.

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது என்று நீ சொல்லலாம். உன் தம்பியும் அப்படித்தான் சொல்கிறான். கணினியில் உள்ளதையும் டிரைவில் உள்ளதையும் ஒன்றாக வைத்திருப்பதுதான் ஒத்திசைவின் வேலை. ஆகவே இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழிகிறது, இங்கே கெட்டுப்போன கோப்பு அங்கேயும் நல்ல கோப்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. குப்பைத் தொட்டியில் போனது 30 நாளில் முற்றாக நீங்கிவிடும். கட்டணமில்லாத 15 ஜிபியை மின்னஞ்சலும் புகைப்படங்களும் பங்கு போட்டுக்கொள்வதால், இடம் தீர்ந்த பிறகு எந்தக் கோப்பும் மேலே ஏறாது. நாம் ஏறிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். டிரைவ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது. ஹார்டு டிஸ்கிலும் எடுத்து வை. எடுத்த பிறகு கழற்றி வை. பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தால், கணினியோடு இணைந்தே கிடக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

எடுத்ததைத் திறந்தும் பார். நாங்கள் பத்திரத்தை எழுதியதோடு விடமாட்டோம்; ஒருவர் அசலை உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துத் தொடர்ந்து வந்து ஒப்பிட்ட பிறகே கையெழுத்தாகும். மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரியில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் தரவுகளை அழித்துவிட்டபோது, அவர்கள் நம்பியிருந்த ஐந்து வழிகளில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்து வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. மாதம் ஒரு முறை, ஏதாவது ஒரு பதிவை டிஸ்கிலிருந்து எடுத்துக் காதால் கேட்டுப் பார்.

இனி, யாருக்காவது லேப்டாப் ஏற்கெனவே நின்றுபோயிருந்தால், பொதுவாகச் சொல்கிறேன், அதைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கக் கூடாது. டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவினால், மிச்சமிருந்ததன் மேலேயே அது எழுதிவிடக்கூடும். விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பல சமயம் பழுது மதர்போர்டிலோ மின் இணைப்பிலோதான் இருக்கும். டிஸ்க் நன்றாகவே இருக்கும். டிஸ்கே பழுதாகியிருந்தால், கோப்புகளை மீட்பதற்கென்றே உள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம். செலவு அதிகமாகும் என்பது எனக்குத் தெரியும்; வைப்புத் தொகை ஒன்று தை மாதத்தில் முதிர்கிறது, அதற்கு வேறு தேவை எதுவும் இல்லை. இதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ புறப்படும்போது ஈரோட்டில் வாங்கிக் கொடுத்த ஹார்டு டிஸ்க் உன் அலமாரியில், உறை பிரிக்காமலே இருக்கிறது. பெட்டியின் எடை கூடிவிடும் என்று எடுத்து வைத்தாயாம். இரண்டு கிலோ பருப்புப்பொடிக்கு இடம் இருந்திருக்கிறது. போகட்டும், அங்கேயே இன்னொன்று வாங்கிக்கொள்.

எனக்கு வேண்டியது இதுதான். உன்னிடம் இப்போது எது மிச்சமிருக்கிறதோ, பாதியோ கால்வாசியோ, டிரைவில் இருந்தாலும் பழைய போனில் இருந்தாலும், இன்றைக்கே ஒரு டிஸ்கில் சேர்த்துவிடு. இன்னொரு டிஸ்கிலும் போட்டுப் பொங்கலுக்கு வருகிற மாமா பையனிடம் கொடுத்தனுப்பு. எவ்வளவு இருக்கிறது, எது இல்லை என்று நான் பார்க்கமாட்டேன். பீரோவில் பத்திரக்கட்டோடு வைத்துவிடுவேன். நெசவாளர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று நீ வாக்குக் கொடுத்திருப்பதால், விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கரில் பூட்டியே அனுப்பு. அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை டிஸ்கோடு வைக்காதே, மின்னஞ்சலிலும் எழுதாதே. என்னைப் போனில் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொல், எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டுகிறேன். ஒன்பது மணிக்கு மேல் அம்மா தூங்கிவிடுவாள், போன் என்னிடம்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா