மருத்துவமனை மரங்களை வெட்டாதீர்!

ஐயா,

வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று மருத்துவமனை வளாகங்களில் வேம்பையும் புங்கையையும் வெட்டுவது வேதனை தருகிறது. 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

நோயாளிக்காவது கட்டில் இருக்கிறது. வராந்தாவில் இரவு பகலாகக் காத்துக் கிடக்கும் உறவினர்களின் மனப்பாரத்தை யார் கவனிக்கிறார்கள்? மரத்தடியில் அவர்களுக்கு நாலு பெஞ்சு போட்டால் பெரிய செலவா ஆகிவிடும்? புதிய கட்டடங்களின் வரைபடத்திலேயே, வார்டு ஜன்னல்களை ஒட்டி மரங்களுக்கு இடம் ஒதுக்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– வாசகி, மதுரை