வானிலைக் கட்டத்தில் காற்றழுத்தத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் பேப்பரில் தினமும் வானிலைக் கட்டத்தில் வெயில் எத்தனை டிகிரி, மழை எத்தனை செ.மீ., சூரியன் எப்போது உதிக்கும் என்றெல்லாம் போடுகிறீர்கள். அதோடு காற்றழுத்தத்தையும் ஒரு வரி போட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல ஒரு மரநாய்க் குட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாக ஒற்றைத் தலைவலி. முதலில் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், அப்புறம் கண் ஓரத்தில் நெளிநெளியாக வெளிச்சம் ஓடும், அது அடங்கின அரை மணி நேரத்தில் வலது நெற்றிப்பொட்டில் யாரோ உள்ளேயிருந்து இடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை வந்தாலே வாந்தி. சில மணி நேரத்தில் விட்டாலும் உண்டு, மூன்று நாள் வைத்துச் செய்தாலும் உண்டு. சாதாரண நாளில் சமாளித்துவிடுவேன். புயல் வந்தால்தான் முடியாது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது ஊரே ஓடு பறந்ததையும் பலாமரம் சாய்ந்ததையும் சொல்லும், எனக்கு அது எதுவும் நினைவில்லை. முதல் நாள் மத்தியானமே படுத்தவள், வாந்தி எடுத்த பித்தளைச் சட்டி மட்டும்தான் நினைவிருக்கிறது.

அப்போது அதைப் பித்தம் என்றுதான் நினைத்தோம். மாமியார் சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டார்கள், அந்தக் கை பட்டதே ஆறுதலாக இருந்தது. பிறகு நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் காட்டியபோதுதான், "எந்தெந்த நாள் வருதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்கம்மா" என்றார். எழுதினேன். இரண்டு வருஷ நோட்டைப் பார்த்தால் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடுக்கடுக்காக இருக்கிறது, அதுவும் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வருகிற நாட்களில். எல்லாருக்கும் இப்படித்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இதைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகள் சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்கு உண்டு, என் நோட்டு அதைச் சொல்கிறது.

இனி குட்டி. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் வந்த நாள். எங்கள் வீடு திருவந்திபுரம் பக்கம். பின்னால் இருக்கிற தோப்பில் பட்டுப்போன பனை ஒன்று மத்தியானக் காற்றில் முறிந்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் பையன் துண்டில் சுருட்டி எதையோ கொண்டுவந்தான். "அத்தை, பூனைக்குட்டி மாதிரி இருக்கு, ஆனா பூனை இல்ல." மரநாய்க் குட்டி. கண் திறந்திருந்தது, என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது, நனைந்த கயிறு மாதிரி வால். தாய் வந்து தூக்கிப்போகட்டும் என்று ஒரு கூடையில் வைத்து முறிந்த மரத்துக்குப் பக்கத்திலேயே மோட்டார் கொட்டகையில் வைத்தோம். இருட்டும்வரை வரவில்லை. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

சிதம்பரத்தில் சொந்தக்காரர் ஒருவர் கால்நடை மருத்துவர். போன் சாகும் முன் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். குளிர்ந்து கிடக்கிற குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் ஆகாரம். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றிப் பழைய வேட்டியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். உடம்பு சூடான பிறகு வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். தண்ணீர், பிறகு ஆட்டுப்பால். பசும்பால் கொடுத்தால் கழிசல் கண்டுவிடும். மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும். வெறும் கையால் தூக்காதே, கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட்டாக வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் இத்தனையும்.

எனக்கோ அன்று சாயங்காலமே நெளி வெளிச்சம் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆனால் இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். என் பையன் போனில் காற்றழுத்தம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமையே எண் இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, கடை திறந்திருந்தபோதே டாக்டர் எழுதிக் கொடுத்த சுமாட்ரிப்டான் மாத்திரையும் வாந்திக்கு மாத்திரையும் வாங்கி வைத்தேன். தலைவலிக்கான அந்த சுமாட்ரிப்டானை வலி ஆரம்பித்த உடனே போட்டால்தான் கேட்கும், முற்றிய பிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும் என்பதால் சும்மா சும்மாவும் போட முடியாது. எந்த நாளுக்கு வைத்துக்கொள்வது என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த எண்.

புயல் புதுச்சேரி அருகே கரை ஏறிவிட்டு நகராமல் நின்றது. புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. எங்களுக்குக் கரண்ட் இல்லை. நான் ஸ்டோர் ரூமில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டிப் படுத்திருந்தேன், குட்டியின் அட்டைப்பெட்டியும் அங்கேதான். அதற்கும் இருட்டும் அமைதியும்தான் வேண்டும், எனக்கும் அதுதான். டார்ச் அடித்தால் என் கண்ணில் ஊசி ஏறும், அதனால் வெளிச்சமில்லாமலே ஊட்டப் பழகினேன். சிரிஞ்சின் உள்தண்டில் ஒவ்வொரு மில்லிக்கும் பிளேடால் ஒரு கீறல் போட்டுவைத்து, நகத்தால் தடவிப் பார்த்து அளவு தெரிந்துகொண்டேன். குட்டி விழுங்குகிறதா என்று அதன் தொண்டையில் துணியோடு ஒரு விரலை வைத்தால் தெரியும். சின்னதாக ஒரு ஏறி இறங்கல். அது வந்தால் அடுத்த துளி, வராவிட்டால் நிறுத்திவிடுவேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அந்த அசைவுக்காகக் காத்திருந்தபோது வலிக்கிறது என்பதே கொஞ்ச நேரம் தள்ளி இருந்தது. மரநாய்க்கு ஒரு வாடை உண்டு, அது மட்டும் பொறுக்க முடியாமல் மூக்கில் சாம்பிராணித் துணியைக் கட்டிப் பார்த்தேன், அது இன்னும் மோசம். ஈரத்துணிதான் கொஞ்சம் பரவாயில்லை.

அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து வழியெல்லாம் அடைபட்டது. வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்பட்டவர்களும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். கூடாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதுவுமில்லாமல் மனுஷ வாசனைக்குப் பழகின குட்டி மரத்தில் பிழைக்காது என்று சொல்லிவிட்டேன். போன் வந்த உடனே வனத்துறைக்குச் சொன்னோம். டிசம்பர் 4 அன்று வந்து எடுத்துப்போனார்கள். வந்த தம்பி குட்டியைத் தூக்கிப் பார்த்து, "வயிறு நல்லா இருக்குங்க" என்றார்.

இதனால்தான் கேட்கிறேன். எங்கள் தெருவில் நான் விசாரித்தவரை இந்த வலி உள்ள பெண்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். அவர்களில் இரண்டு பேரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, ஆனால் பேப்பர் டீக்கடையில் கிடைக்கிறது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று மீனவர்களுக்காகப் போடுகிறீர்கள். அதே மாதிரி இதையும் போடலாம். கடலூரில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறது, காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அளவு எடுக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். கடல் மாதிரி காற்றழுத்தத்துக்கும் தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் உண்டு. காலை பத்து மணிவாக்கில் ஏறியிருக்கும், சாயங்காலம் நாலு மணிவாக்கில் மூன்று நாலு புள்ளி இறங்கியிருக்கும், அது எப்போதும் நடப்பது. ஆகவே காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிட்டால் வீணாகப் பயந்துபோவார்கள். இன்று காலை எட்டரை மணி அளவு, நேற்று காலை எட்டரை மணி அளவு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும். அழுத்தத்தின் அலகை ஹெக்டோபாஸ்கல் என்று போட்டாலும் சரி, மில்லிபார் என்று போட்டாலும் சரி, இரண்டும் ஒரே அளவுதான்.

ஐப்பசி முடிவதற்குள் தொடங்கினால் இந்தக் கார்த்திகைக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவந்திபுரம், கடலூர்.