குழாயை இறக்கிய அண்ணனுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

சனிக்கிழமை ராத்திரி நம் படம் ஓடிவிட்டது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்ட பிறகுதான் கை நடுக்கம் நின்றது. அந்தப் பத்து நாள் கதை உங்களுக்கே தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி மைக்செட் அண்ணனுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அரங்கம் கைவிட்டுப் போனதும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைதான் கிடைத்தது. மத்தியானமே அண்ணன் வந்து இரண்டு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார். கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், "படத்த ஒருதரம் ஓட்டு தம்பி, பாத்துக்கிடுறேன்" என்றார். ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் பீடிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் ஏணியைச் சாத்தி, கட்டின குழாய்களை இறக்கத் தொடங்கினார்.

"அந்தக் கெழவி வாய்க்குள்ளயே மொனங்குற எடம் வருதுல்ல, அது குழாய்ல விழுகாது. பாக்ஸ் போட்டாத்தான் கேக்கும்."

வீட்டிலிருந்து பாக்ஸ் ஸ்பீக்கரோடு ஒரு கட்டு கோணிச் சாக்கும் வந்தது. தகரம் எதிரொலிக்குமாம், சுவர் நெடுக சாக்கைத் தொங்கவிட்டார். காசு, குழாய்க்குப் பேசினது மட்டும்தான்.

அந்த முனகலுக்காக நானும் ஒலிப்பதிவுத் தோழரும் நான்கு ராத்திரி சண்டை போட்டிருக்கிறோம். விழாக்களில் பார்த்த ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சந்தா போட்டவர்கள், வேன் கொடுத்தவர், கதாநாயகன் வேஷத்தோடு பாய் விரித்த எங்கள் நாடகக் குழுப் பிள்ளைகள், நாற்பது பேருக்கு எலுமிச்சைச் சோறு கிண்டிய அக்காமார் எல்லோருக்கும் கும்பிடு.

தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' படம் எடுத்த இயக்குநர் ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடெஸா என்ற திரைப்படக் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காசு திரட்டி 1986-இல் 'அம்மா அறியான்' எடுத்ததை, நாடகத்துக்கு வந்த புதிதில் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். எடுத்த படத்தை ஒடெஸா அதே ஜனங்களிடம் கொண்டுபோய்க் காட்டியதும் அந்தக் கதையில்தான் இருந்தது. அந்தப் பாதியை வசதியாக மறந்துவிட்டு, இரண்டு வருஷம் விழாக்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். இனி எது எடுத்தாலும் முதல் காட்சி அந்தக் கொட்டகையில்தான்.

அடுத்த நாடகத்தின் ஒத்திகைக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். மைக்கே கிடையாது என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சாக்க மட்டும் கொண்டாரேன்."