டி-லூப் மாற்றுவோர் கவனத்துக்கு

காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்) உறுப்பினர்களே, டி-லூப், அதாவது அம்பு மாட்டும் இடத்தில் நாணில் கட்டும் D வடிவச் சிறு வளையத்துக்கு, கயிறு 11–12 செ.மீ. போதும். முனையை 4 மி.மீ. பிரித்துப் பஞ்சாக்கிவிட்டு, பேட்டரி சால்டரிங் அயர்னால் (பற்றவைக்கும் சூட்டுக்கோல்) காளான் தலை போல உருக்குங்கள். லைட்டரால் உருக்கினால் புகைக் கரி பிடிக்கும், அளவும் கட்டுப்படாது. தலை சிறியதானால் முழு இழுப்பில் முடிச்சு நழுவும்; ரிலீஸ் (லூப்பைக் கவ்வி இழுத்து விடும் கருவி) பிடித்த கை நேராக முகத்தில் அடிக்கும்.

முதல் முனையை வில்லில் கட்டும் முன்பே உருக்கலாம். இரண்டாவதை நாண் அருகில்தான் உருக்க வேண்டும், அங்கேதான் ஆபத்து. நாண் இழை சுமார் 150 டிகிரியிலேயே உருகும், அயர்ன் நுனியோ 300க்கு மேல். இடையே தகரத் துண்டு வையுங்கள். தவறிப் பட்டுவிட்டால் மெழுகு தேய்த்து மறைக்காமல் நாணையே மாற்றுங்கள்.

இரு முடிச்சும் நாணின் எதிரெதிர்ப் பக்கம். இடுக்கியை லூப்புக்குள் விட்டு விரித்து இறுக்குங்கள். அயர்ன் ஆறிய பிறகே பைக்குள்.