அந்த விசைப்பலகையைத் தூக்கிப் போடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் அமைதியானது. இங்கே எல்லாரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அவளுடைய அறை இப்போது என் பட்டறை; மேசை முழுவதும் பிரித்துப் போட்ட ஸ்விட்ச்சுகள்.

இரவில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் விசைப்பலகையின் சத்தம் பொறுக்காமல் மகன் எழுந்து வந்து கதவைச் சாத்துகிறான், வேறு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. உன்னுடையது ஒவ்வொரு விசைக்கடியிலும் இருக்கும் ஸ்விட்ச்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய வகை. சால்டரிங் வேலையே இல்லாமல் அதைச் சரிசெய்துவிடலாம். நான் என்னுடையதைச் செய்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது அதில் எழுதுவதற்காகவே எதையாவது எழுதத் தோன்றுகிறது.

முதலில் ஸ்பேஸ் பார். நீ சொல்லும் அந்தத் தகரச் சத்தத்தில் பெரும்பங்கு ஸ்விட்ச்சிலிருந்து வருவதில்லை என்று அடித்துச் சொல்வேன். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் ஆகிய நீள விசைகள் ஒரு பக்கம் சாயாமல் இறங்குவதற்காக அடியில் ஒரு வளைந்த கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் என்பது அதுதான். அந்தக் கம்பியின் முனைகள் பிளாஸ்டிக் குழிக்குள் ஆடி மோதுவதால்தான் அத்தனை இரைச்சல். கம்பியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் படுக்க வை. ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் கையால் மெல்ல வளைத்து நேராக்கு. பிறகு முனைகளுக்கு மின் இணைப்புகளில் பூசும் கெட்டியான சிலிக்கோன் கிரீஸ் வை. இங்கே மட்டும் தாராளமாக வைக்கலாம். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், பாதிச் சத்தம் அடங்கிவிடும். மகனுக்காகத்தான் என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் சரி.

ஆனால் நீ நிறுத்தமாட்டாய். அடுத்தது ஸ்விட்ச்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த வடிவத்தைத்தான் இன்றும் பெரும்பாலானவர்கள் பின்பற்றுகிறார்கள். மேல்கூடு, கீழ்க்கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதற்கடியில் ஒரு ஸ்பிரிங், பக்கவாட்டில் மின்தொடர்பு தரும் உலோகத் தகடு. தண்டின் நிறத்தை வைத்துத்தான் வகையைச் சொல்வார்கள். செர்ரியின் சிவப்பு வகையில் தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். அந்தச் சிறு தூரத்தில் தண்டின் இரு ஓரங்களும் கூட்டின் காடிகளில் உரசிக்கொண்டே போகின்றன. விரலில் நீ உணரும் சொரசொரப்பு அந்த உரசல். விசையை விட்ட பிறகும் 'ணங்' என்று நீளும் ஓசை ஸ்பிரிங்குடையது.

இந்த உரசலைக் குறைக்க விசைப்பலகைப் பிரியர்கள் பயன்படுத்துவது கிரைடாக்ஸ் 205 என்ற வெள்ளைக் கிரீஸ். ஃபுளோரின் சேர்ந்த செயற்கை எண்ணெயில் டெஃப்லான் வகைத் தூள் கலந்தது. பிளாஸ்டிக்கை அரிக்காது, காய்ந்து பிசினாகாது. விலை அதிகம்தான், ஆனால் சிறிய புட்டி ஒன்றே பல பலகைகளுக்கு வரும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டுவிடாதே. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளுக்கு அது ஆகாது. இன்னொன்று, நீ இன்னும் சிகரெட்டை விடவில்லை என்றால், கிரீஸ் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சிகரெட்டை எடுக்காதே. டெஃப்லான் சூடேறி வரும் புகை உள்ளே போனால் குளிர்காய்ச்சல் போல உடம்பைப் படுத்தும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் நான் தவறினேன். முதல் பத்து ஸ்விட்ச்சுகளில் வெண்ணெய் தடவுவது போலத் தடவிவிட்டேன். சத்தம் அருமையாக அடங்கியது. ஆனால் தண்டு சோம்பலாக மேலே வந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்களோ என்னவோ, நம்மால் முடியாது. நாம் பயன்படுத்தும் தமிழ்99 விசை அமைப்பில் 'க்க' வேண்டுமென்றால் க-வையே அடுத்தடுத்து இருமுறை தட்டுகிறோம். புள்ளி தானாக விழுகிறது. 'பக்கம்', 'அப்பா', 'தத்தை' என ஒவ்வொரு சொல்லிலும் ஒரே விசை மேலே வந்து மறுபடி இறங்க வேண்டும். அது தாமதித்தால் விரல் சேற்றில் கால் வைத்தது போல உணர்கிறது. சாதாரண ஆல்கஹாலில் இந்தக் கிரீஸ் கரையாது. பத்தையும் மறுபடி பிரித்து, மெல்லிய தாளால் காடி காடியாகத் துடைத்தெடுத்தேன்.

அப்போதுதான் நம் டைப்ரைட்டிங் வாத்தியார் நினைவுக்கு வந்தார். டைப்ரைட்டரில் தாளைத் தாங்கிய வண்டி நகரும் தண்டவாளத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உடனே துணியால் ஒற்றி எடுப்பார். எழுத்துக்கம்பிகள் வந்து சேரும் அரைவட்டத்தில் சொட்டு பட்டால் கத்துவார்; தூசி சேர்ந்து கம்பிகள் ஒட்டிக்கொள்ளும் என்பார். அவர் கையை மனதில் வைத்துக்கொண்டு எண் 0 பிரஷ்ஷின் நுனியில் தொட்டு, அதையும் புட்டியின் விளிம்பில் வழித்துவிட்டுப் பூசினேன். பூசிய இடம் வெள்ளையாகத் தெரியக் கூடாது, லேசாக ஈரம் பட்டது போல மின்ன வேண்டும். கீழ்க்கூட்டின் காடிகள், தண்டின் இரு பக்கங்கள், அவ்வளவுதான். உலோகத் தகட்டைத் தொடாதே. ஸ்பிரிங்குகளைத் தனித்தனியாகப் பூச வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டு, கிரைடாக்ஸ் 105 எண்ணெய் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும்.

உன் ஸ்விட்ச் என்ன நிறம் என்று நீ எழுதவில்லை. சிவப்பென்றால் மேலே சொன்னபடி செய். பழுப்பென்றால் தண்டிலிருந்து தகட்டை நோக்கி நீளும் இரண்டு கால்களில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள், விரலுக்குத் தெரியும் அந்த மேடு அங்கேதான் பிறக்கிறது. நீலமாக இருந்தால் கிரீஸே வேண்டாம். அது 'டிக்' என்று ஒலிப்பதற்காகவே செய்யப்பட்டது. சிவப்பு வாங்கி மாற்றிவிடு.

மொத்தம் 87 ஸ்விட்ச். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் மூன்று இரவுகளாகப் பிரித்துக்கொண்டேன். திரும்பப் பொருத்தும்போது அடியில் உள்ள இரண்டு உலோகக் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் பார். மடங்கினால் எழுத்து விழாது.

முடித்த அன்று நள்ளிரவில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து மண்ணில் மழைச் சொட்டு விழுவது போலத் தணிந்த, கனமான ஓசை. பக்கத்து அறையில் யாரும் விழிக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பலகையையும் எடுத்து வா. கிரீஸ் மீதமிருக்கிறது, பிரஷ்ஷும் இரண்டு வைத்திருக்கிறேன். அதற்குள் ஸ்பேஸ் பாரின் கம்பியை மட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, எந்த முனை தூக்குகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்